ரெக்கார்டு நோட்டில் ஒட்டிய பூச்சி

(மூன்றாம் ஆண்டு கணினிப் பிரிவு மாணவி ஒருவரின் கட்டுரை)



"ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு" என்று பேரவைச் செயலாளர் கேட்டபோது, கவிதை எழுதலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். விசாரித்தால் கவிதைக்கு ஏற்கெனவே பதினாறு பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். அதில் நட்பைப் பற்றி மட்டும் ஒன்பது! உங்களைக் காப்பாற்றும் நல்ல எண்ணத்தில் கட்டுரைக்கு வந்துவிட்டேன்.

நான்காம் செமஸ்டர் முடிந்த விடுமுறையில் ராஜபாளையத்தில் ஒரு சிறிய சாப்ட்வேர் கம்பெனிக்கு ஒரு மாதப் பயிற்சிக்குப் போனேன். பயிற்சி அறிக்கை ஒன்று நாற்பது பக்கத்தில் எழுதி, பைண்டிங் செய்து, துறையில் ஒப்படைத்தும் விட்டேன். கம்பெனியின் வரலாறு, நிர்வாக அமைப்பு, பயன்படுத்தும் கருவிகள் எல்லாம் அதில் இருக்கின்றன. நான் கற்றுக்கொண்டது மட்டும் அதில் இல்லை. அதை எழுத அந்த அறிக்கையில் தலைப்பே கிடையாது. அதனால் இங்கே எழுதுகிறேன்.

கம்பெனி என்றதும் கண்ணாடி மாளிகையைக் கற்பனை செய்யாதீர்கள். கீழே ஒரு கடை, மாடியில் எட்டு மேஜை, ஒன்பது பேர், ஒரு இன்வெர்ட்டர். கரண்ட் போனால் இன்வெர்ட்டர் கம்ப்யூட்டருக்குத்தான். மனிதர்களுக்கு ஃபேன் ஓடாது. சுற்றுவட்டார மில்களுக்குச் சம்பளக் கணக்கு, சரக்குக் கணக்கு, பில் போடுவது என்று புரோகிராம் எழுதிக் கொடுக்கிறார்கள். 1936-ல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்ஸைத் தொடங்கியதிலிருந்து பஞ்சையும் நூலையும் நம்பி வளர்ந்த ஊர் அது. அங்கே சாப்ட்வேரும் பஞ்சைச் சுற்றித்தான் இருக்கும் என்பது எனக்கு அதுவரை தோன்றவில்லை.

என்னைப் பற்றி ஒரு வார்த்தை. ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர். அப்பா லோடு ஏற்றி இறக்கும் வேலை. அம்மா ஒரு மில்லில் சைடு பார்க்கிறார். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். இது பெருமை என்று நீங்கள் நினைக்கலாம். பெருமைதான். ஆனால் அதற்குள் ஒரு பயமும் இருக்கிறது. நம்மில் பாதிப் பேருக்கு அது தெரியும். "உனக்கென்ன, படிச்ச புள்ள" என்று வீட்டில் சொல்கிறார்கள். தெரியாது என்று எங்கே சொல்வது? வீட்டில் சொன்னால் அவர்கள் நம்பிக்கை போய்விடும். வகுப்பில் சொன்னால் சிரிப்பார்கள். அதனால் தலையை ஆட்டப் பழகிவிட்டோம். புரிந்ததா என்று கேட்டால் அறுபது தலையும் ஒன்றாக ஆடும். அதில் என் தலை கொஞ்சம் பலமாகவே ஆடும்.

சாப்ட்வேர் என்றால் பி.இ. முடித்துவிட்டுச் சென்னைக்கோ பெங்களூருக்கோ ரயில் ஏற வேண்டும் என்றுதான் எங்கள் தெருவில் பேச்சு. அது உண்மையில்லை என்று இப்போது நமக்கே தெரியும். ஸ்ரீதர் வேம்புவும் அவர் சகாக்களும் 1996-ல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கிய கம்பெனிதான் இன்றைய ஜோஹோ. பிளஸ் டூவும் டிப்ளமோவும் முடித்தவர்களைச் சேர்த்து, பட்டம் கேட்காமல் வேலை கற்றுக்கொடுக்க அவர்கள் ஒரு பள்ளியே ஆரம்பித்தார்கள். 2011-ல் தென்காசிப் பக்கம் மத்தளம்பாறைக் கிராமத்தில் ஆபீஸ் திறந்தார்கள். ராஜபாளையத்தில் தென்காசி பஸ் ஏறினால் சிவகிரி, புளியங்குடி, கடையநல்லூர் வழியாகப் போய்விடலாம். ஆக, கதவு நமக்குத் திறந்துதான் இருக்கிறது. உள்ளே போனபின் எப்படி நடந்துகொள்வது என்பதுதான் எனக்குத் தெரியாமல் இருந்தது.

முதல் நாள் என்னை ஓர் அண்ணாச்சியின் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். வயது ஐம்பத்தைந்து இருக்கும். இருபது வருஷத்துக்கு மேல் ஒரு மில்லில் டைம் ஆபீஸில் இருந்தவர். புரோகிராம் எழுதத் தெரியாது. ஆனால் புரோகிராம் எழுதுகிற எல்லோரும் அவரிடம் வந்து கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறார்கள். என்னிடம் தந்த முதல் வேலை, தொழிலாளியைத் தேடி எடுக்கும் ஒரு திரை. பெயரும் பிறந்த தேதியும் கொடுத்தால் ஆள் வர வேண்டும் என்று எழுதினேன். அண்ணாச்சி பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"பாப்பா, ஒரு ஷிப்டுல எத்தனை மாரியம்மா இருப்பாங்கன்னு நினைக்கே?"

"பிறந்த தேதியும் கேக்கிறேனே அண்ணாச்சி..."

"அது யாரு போட்ட தேதி? ஒண்ணாங் கிளாஸ்ல சேக்கும்போது வாத்தியார் போட்ட தேதி. அந்தக் காலத்துல பாதிப் பேருக்கு ஜூன் மாசம்தான் பொறந்த நாள். டோக்கன் நம்பரைப் போடு."

எனக்குச் சுருக்கென்றது. ஏனென்றால் இது எனக்குத் தெரிந்த விஷயம்! என் அம்மாவின் ஆதார் அட்டையில் ஜூன் 1 என்று இருக்கிறது. பாட்டியைக் கேட்டால், "உங்கம்மா ஆடிப்பூரத் தேரு ஓடுனன்னைக்கில்லா பொறந்தா" என்பார். வீட்டில் தெரிந்த விஷயம் கம்ப்யூட்டருக்கு வேண்டிய விஷயம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. புத்தகத்தில் இருப்பது அறிவு, வீட்டில் இருப்பது வெறும் பேச்சு என்று யாரும் சொல்லித் தராமலே பிரித்து வைத்திருக்கிறோம். "லாஸ்ட் நேம்" கேட்கும் விண்ணப்பங்களில் நாமெல்லாம் ஒரு புள்ளி வைத்துவிட்டு நகர்கிறோமே, அந்தப் படிவத்தை எழுதியவருக்கு இப்படி ஓர் அண்ணாச்சி பக்கத்தில் இல்லை, அவ்வளவுதான்.

எதிர் மேஜையில் ஓர் அண்ணன். நம்மைப் போலவே டிப்ளமோ. அவர் மானிட்டர் மேல் ஒரு மண்பொம்மை, ராஜபாளையம் நாய், வெள்ளை நிறம், ஒரு காது உடைந்தது. மாட்டிக்கொண்டால் அந்த நாயிடம் பேசுவார். "இங்க பாரு, இந்த லூப் பத்து தடவை சுத்துது. ஒவ்வொரு தடவையும் இந்த மதிப்பு கூடுது... இரு, கூடலையே!" இப்படிப் பாதியில் அவருக்கே பதில் வந்துவிடும். முதலில் எனக்கு இவர் சரியான ஆள்தானா என்று சந்தேகம். பிறகு சொன்னார்கள், இது உலகம் முழுக்க இருக்கிற வழக்கமாம். 1999-ல் ஹண்ட், தாமஸ் என்ற இருவர் எழுதிய புத்தகத்தில் ரப்பர் வாத்து என்று வருகிறது. வாய்விட்டு ஒவ்வொரு வரியாகச் சொல்லும்போது, நாம் அவசரமாகத் தாண்டிப் போன இடம் கண்ணில் பட்டுவிடுகிறது. நான் இப்போது வீட்டில் எங்கள் பாட்டியிடம் சொல்கிறேன். பாட்டி "உம்" கொட்டுவதில் எந்தக் குறையும் வைப்பதில்லை.

அங்கே டெஸ்டிங் பார்க்கும் அக்கா ஒருவர். அவரைப் பார்த்துத்தான் எனக்கு ரொம்பப் பயம். குரல் உயராது, ஆனால் எதுவும் தப்பாது. கிட் என்று ஒரு மென்பொருள் உண்டல்லவா? லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸ் வேலைக்காக 2005-ல் எழுதியது. புரோகிராமில் எந்த வரியை யார், எந்த நாளில் எழுதினார் என்று அதில் ஒரு கட்டளை கொடுத்தால் காட்டிவிடும். அந்தக் கட்டளைக்குப் பெயர் பிளேம், அதாவது பழி. அதைப் பார்த்ததும் என் வயிறு கலங்கியது. நான் எழுதும் ஒவ்வொரு வரிக்குப் பக்கத்திலும் என் பெயர்! அக்காவிடம் கேட்டேன். "பேரு வச்சவங்க தப்பா வச்சுட்டாங்க பாப்பா. இது யார் மேல பழி போடலாம்னு பார்க்க இல்ல. யார்கிட்ட போய்க் கேக்கணும்னு பார்க்க" என்றார். நான் நம்பவில்லை. பதினெட்டு வயது வரை நான் பார்த்த உலகத்தில், பெயர் எழுதிப் போடுவது திட்டுவதற்குத்தான். போர்டில் பேசியவர் பெயர் எழுதும் கிளாஸ் லீடரைப் பார்க்காதவர் நம்மில் யார்?

அந்த ஆபீஸில் தண்டனை என்று ஒன்றுதான். எல்லோருடைய வேலையையும் நிறுத்துகிற மாதிரி யாராவது பில்டை உடைத்துவிட்டால், அவர் பால்கோவா வாங்கித் தர வேண்டும். தினமும் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ்ஸில் வருகிறவள் நான் என்பதால், யார் உடைத்தாலும் வாங்கிவரும் வேலை என் தலையில்! 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய நம் ஊர்ப் பால்கோவா இப்படி ஒரு துறைக்கும் உதவுகிறது என்பதைப் பதிவு செய்து வைக்கிறேன்.

இனி என் கதைக்கு வருகிறேன்.

மூன்றாவது வாரம் எனக்கு ஒரு நிஜ வேலை கொடுத்தார்கள். ஒரு மில்லின் சம்பளப் புரோகிராமில் ஓ.டி. கணக்கு. ஓ.டி. என்றால் இரட்டைக் கூலி. 1948 தொழிற்சாலைச் சட்டத்திலேயே வந்த விஷயம். எத்தனை நிமிடம் அதிகமாக வேலை பார்த்தார்கள் என்பது வரும், அதை 60-ஆல் வகுத்து மணியாக்கி, கூலியால் பெருக்க வேண்டும். ஒரே வரி. சி ஷார்ப்பில் எழுதினேன். அக்கா சோதித்தார், சரி. மில்லுக்குப் போய்விட்டது. ஒரு மாதம் பழைய ரிஜிஸ்டரும் புதிய புரோகிராமும் சேர்ந்து ஓடும். அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து ரிஜிஸ்டர் நின்றுவிடும். இதுதான் ஏற்பாடு. அன்று வீட்டுக்குப் போகும்போது எனக்கு ஏதோ ராக்கெட் விட்ட மாதிரி இருந்தது.

பத்து நாள் கழித்து ஒரு சாயங்காலம் அம்மா தாமதமாக வந்தார். "மாத்துற ஆளு வர லேட்டாயிருச்சு. சைடை அப்படியே விட்டுட்டு வர முடியுமா? முக்கால் மணி நேரம் நின்னேன்" என்றார். அம்மாவின் மில் வேறு. நாங்கள் புரோகிராம் எழுதிய மில் வேறு. ஆனால் முக்கால் மணி என்ற சொல் என் காதில் விழுந்ததும் சோறு இறங்கவில்லை. முக்கால் மணி என்றால் 45 நிமிடம். 45-ஐ 60-ஆல் வகுத்தால்?

நண்பர்களே, இரண்டும் முழு எண்ணாக இருந்தால் சி ஷார்ப்பில் விடை 0.75 இல்லை. விடை 0! 105 நிமிடம் நின்றவருக்கு 1 மணி நேரம்தான் வரும். முக்கால் மணி காற்றில் போய்விடும். இதில் வேடிக்கை என்னவென்றால், சி மொழித் தேர்வில் 5/2 என்ன என்ற கேள்விக்கு 2 என்று எழுதி முழு மதிப்பெண் வாங்கியவள் நான். விடை தெரியும். அது ஒரு மனுஷியின் கூலி என்பது தெரியாது.

அன்று ராத்திரி தூக்கமில்லை. யாரும் கண்டுபிடிக்கவில்லை. என் பயிற்சி இன்னும் நான்கு நாளில் முடிகிறது. பேசாமல் அந்த ஒரு வரியைத் திருத்தி, வேறு ஏதோ மாற்றத்தோடு சேர்த்து அனுப்பிவிட்டால் யாருக்குத் தெரியும்? பயிற்சிச் சான்றிதழ் கெட்டுவிடும் என்ற பயம் ஒருபக்கம். "டிப்ளமோப் புள்ளைங்களை எடுத்தா இப்படித்தான்" என்று நமக்குப் பின்னால் வருகிறவர்களைச் சேர்க்காமல் விட்டுவிட்டால்? மறைக்க வேண்டும் என்று நினைக்கிறவர்களுக்கு நல்ல காரணங்களுக்குப் பஞ்சமே வராது என்பதை அன்று ராத்திரி கண்டேன். ஆனால் அம்மா பக்கத்தில் காலை நீட்டிப் படுத்திருந்தார். கால் வீங்கியிருந்தது.

காலையில் அக்காவிடம் போய்ச் சொன்னேன். சொல்லும்போது குரல் உடைந்துவிட்டது. அக்கா திரையைப் பார்த்தார். ஒரு நிமிடம் ஒன்றும் பேசவில்லை. பிறகு ஒரு கோப்பைத் திறந்தார். அதன் பெயர் "நம்ம தப்பு". தேதி, யார், என்ன நடந்தது, எப்படித் தெரிந்தது, இனி என்ன செய்கிறோம் என்று ஐந்து கட்டம். முந்நூறு வரிகளுக்கு மேல் இருந்தது. முதல் வரி முதலாளியுடையது! வாடிக்கையாளர் ஒருவரின் ஒரு வருஷக் கணக்கை அழித்துவிட்டு, மூன்று ராத்திரி உட்கார்ந்து பில் புத்தகத்தைப் பார்த்துத் திரும்ப ஏற்றியிருக்கிறார். நாய் பொம்மை அண்ணன் பெயரில் மட்டும் நாற்பது வரி இருக்கும்.

"எழுது" என்றார் அக்கா. எழுதினேன். நான் எழுதி முடித்ததும் கீபோர்டைத் தன் பக்கம் இழுத்து, என் வரிக்குக் கீழே தன் பெயரைப் போட்டு அவர் ஒரு வரி எழுதினார். 60 நிமிடம், 120 நிமிடம் மட்டும் கொடுத்துச் சோதித்தேன்; 45 கொடுக்கவில்லை, என் தப்பு, இனி முழு மணியாக இல்லாத நேரம் கட்டாயம் கொடுப்பேன் என்று. அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு அழுகை வந்தது. என் தப்பு ஒன்றுதான். அதில் தன் பங்கை அவர் கேட்காமலே எடுத்துக்கொண்டார்.

அண்ணாச்சி உடனே மில்லுக்கு போன் செய்தார். ரிஜிஸ்டர் இன்னும் நிற்காததால் யாருடைய கூலியும் குறையவில்லை. அந்த மில் அக்கவுண்டன்ட் போனில் சத்தம் போட்டது எனக்கே கேட்டது. அண்ணாச்சி, "ஆமாய்யா, எங்க தப்புதான்" என்று நான்கு தடவை சொன்னார். என் பெயரைச் சொல்லவில்லை. வெளியே பேசும்போது "எங்க தப்பு", உள்ளே எழுதும்போது அவரவர் பெயர். நம்மிடம் இது தலைகீழ் இல்லையா? எச்.ஓ.டி. கேட்டால் "அவன்தான் சார்" என்போம். நோட்டில் எதுவும் எழுதமாட்டோம்.

எல்லாம் தங்கம் என்று சொல்ல வரவில்லை. அந்த முதலாளிக்கும் கோபம் வரும், அவசரம் வரும். அண்ணாச்சியே ஒருநாள், "ஒரே தப்பை மூணு தடவை எழுதினா அதுக்குப் பேரு அனுபவம் இல்ல, அசால்ட்டு" என்று அந்த அண்ணனை வாங்கு வாங்கென்று வாங்கினார். ஆனால் மறைத்ததற்காகத் திட்டு விழுந்து பார்த்தேனே தவிர, சொன்னதற்காக ஒருவருக்கும் விழவில்லை.

இந்தப் பழக்கம் ஏதோ ராஜபாளையத்து மாடி ஆபீஸின் விநோதம் என்று நினைத்தேன். கல்லூரி திறந்தபின் நூலகத்திலும் நெட்டிலும் தேடிப் படித்தேன். இந்தத் துறையே இப்படித்தான் வளர்ந்திருக்கிறது! பிழைக்கு "பக்" என்று சொல்கிறோமே, பூச்சி. இயந்திரக் கோளாறுக்கு இந்தச் சொல்லை எடிசனே 1878-ல் பயன்படுத்தியிருக்கிறார். ஆனால் கம்ப்யூட்டரில் நிஜமாகவே ஒரு பூச்சி அகப்பட்டது 1947 செப்டம்பர் 9-ல், அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் மார்க்-2 இயந்திரத்தில். ரிலே ஒன்றுக்குள் ஓர் அந்துப்பூச்சி சிக்கியிருந்தது. கிரேஸ் ஹாப்பர் அம்மையார் இருந்த குழு அது. கண்டுபிடித்தது அவரில்லை, ஆனால் ஊரெல்லாம் சொல்லிப் பரப்பியவர் அவர்தான். அந்தப் பூச்சியை என்ன செய்தார்கள்? ஊதித் தள்ளிவிட்டு வேலையைப் பார்க்கவில்லை. டேப் போட்டு லாக் நோட்டில் ஒட்டி, பக்கத்தில் நேரத்தையும் விவரத்தையும் எழுதி வைத்தார்கள். அந்தப் பக்கம் இன்று அங்குள்ள ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில், பூச்சியோடு சேர்ந்து, இருக்கிறது.

இன்னொருவர் டொனால்ட் நூத். கணினி அறிவியலில் அவர் பெயர் சொன்னால் பேராசிரியர்களே எழுந்து நிற்பார்கள். கணிதப் புத்தகங்களை அச்சுக் கோர்க்க டெக் என்ற மென்பொருளை எழுதியவர். அதை எழுதும்போது தான் செய்த பிழைகளையெல்லாம் குறித்து வைத்து, எண்ணூறுக்கும் மேற்பட்ட அந்தப் பட்டியலை 1989-ல் கட்டுரையாகவே வெளியிட்டார்! அவர் புத்தகத்தில் யாராவது பிழை கண்டுபிடித்தால் 2 டாலர் 56 சென்டுக்குக் காசோலை தருவதை 2008 வரை வழக்கமாக வைத்திருந்தார். 256 ஏன் என்று கணினிப் பிரிவுக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பதினாறின் அடிமானத்தில் அது 100. வாங்கியவர்கள் பலர் அந்தக் காசோலையை வங்கியில் போடாமல் சட்டம் போட்டு மாட்டிக்கொண்டார்கள். தன் தப்பைக் காட்டியவருக்குக் காசு தருகிற மனிதரை நான் அதுவரை கேள்விப்பட்டதே இல்லை.

பெரிய தப்பும் உண்டு. 1996 ஜூன் 4-ல் ஐரோப்பியர்களின் ஏரியன்-5 ராக்கெட், முதல் பயணத்திலேயே சுமார் 40 வினாடியில் வானத்தில் சிதறியது. பழைய ஏரியன்-4-க்கு எழுதிய புரோகிராமை அப்படியே எடுத்துப் போட்டிருந்தார்கள். புதிய ராக்கெட் வேகமானது. 64 பிட் எண் ஒன்றை 16 பிட்டுக்குள் அடைக்கப் பார்க்க, 32,767-ஐத் தாண்டியதும் கணினி நின்றுவிட்டது. மாற்றுக் கணினியிலும் அதே புரோகிராம் என்பதால் அதுவும் நின்றது. என் 45-ம் அவர்களுடைய 16 பிட்டும் ஒரே ஜாதிப் பூச்சிகள்தான். எண் எந்தப் பெட்டிக்குள் போகிறது என்று பார்க்காத குற்றம். அதை மூடி மறைக்காமல் அடுத்த மாதமே விசாரணை அறிக்கையை வெளியிட்டார்கள். அதனால்தான் ஸ்ரீவில்லிபுத்தூரில் உட்கார்ந்து நானும் படிக்க முடிகிறது. 1979-ல் எஸ்.எல்.வி.-3 கடலில் விழுந்தபோது கலாம் அவர்களை முன்னால் தள்ளாமல் சதீஷ் தவன் தானே பத்திரிகையாளர்களைச் சந்தித்த கதை உங்கள் எல்லோருக்கும் மனப்பாடம். பேச்சுப் போட்டியில் அதை நாமே எத்தனை முறை சொல்லிக் கைத்தட்டு வாங்கியிருக்கிறோம்! கைத்தட்டு வாங்கிவிட்டு நேராக லேபுக்குப் போய் என்ன செய்கிறோம்?

இங்கேதான் நம் ரெக்கார்டு நோட்டுக்கு வருகிறேன். சீனியர் நோட்டை வாங்குகிறோம். நோக்கம், வழிமுறை, புரோகிராம், வெளியீடு எல்லாம் பார்த்து எழுதுகிறோம். கடைசியில் ஒரு வரி: புரோகிராம் வெற்றிகரமாக இயக்கப்பட்டு வெளியீடு சரிபார்க்கப்பட்டது. சரியாக இயங்காத புரோகிராம் ஒன்றுகூட நம் கல்லூரி சரித்திரத்திலேயே இல்லை! லேபில் நடந்தது என்ன? செமிகோலன் விட்டுப்போய் அரை மணி நேரம். பக்கத்து மேஜைக்காரி காட்டிக் கொடுத்த பிறகு ஓடியது. லூப் நிற்காமல் சுற்றி, சிஸ்டத்தை அணைத்துப் போட்டோம். உண்மையில் நாம் படித்தது அந்த அரை மணி நேரத்தில்தான். அதை எழுத நோட்டில் இடமே இல்லை. சீனியர் நோட்டில் இருந்த ஒரு தப்பு வெளியீடு எங்கள் வகுப்பில் இருபத்தெட்டு பேர் நோட்டுக்கு அப்படியே வந்ததும் எனக்குத் தெரியும். இருபத்தெட்டில் ஒன்று என்னுடையது.

இதை எங்கள் வகுப்பில் சொன்னபோது ஒரு தோழி கேட்டாள்: "தப்பை எழுதினா எக்ஸ்டர்னல் மார்க் போடுவாரா? நீ போட வைப்பியா?" நியாயமான கேள்வி. நம்மில் பலருக்கு ஐந்து மதிப்பெண் போனால் உதவித்தொகையும் வேலையும் போகும். இழக்கத் தெம்பில்லாதவர்கள் நாம். ஆசிரியர்களையும் குறை சொல்ல மாட்டேன். பாடத்திட்டமும் படிவமும் மேலிருந்து வருகின்றன. அறுபது நோட்டைத் திருத்துகிறவர்களுக்கு அவகாசமும் இல்லை. ஆனாலும் ஒன்று கேட்கலாம் அல்லவா? ரெக்கார்டு இப்போது இருக்கிற மாதிரியே இருக்கட்டும். ஒவ்வொரு பயிற்சிக்கும் பின்னால் ஒரு பக்கம் கூட வேண்டும். எங்கே மாட்டினேன், யார் காட்டினார்கள், எப்படிச் சரிசெய்தேன் என்று. அகமதிப்பீட்டில் அதற்கு இரண்டே இரண்டு மதிப்பெண். காப்பியடிக்கவும் முடியாது, அடுத்தவர் தப்பை நம் தப்பு என்று எழுத யாருக்கும் மனசு வராது! மெக்கானிக்கல்காரர்களுக்கும் இது பொருந்தும். லேத்தில் எத்தனை ஜாப் வீணாகிறது என்று ஒர்க் ஷாப் ஸ்கிராப் பெட்டியைக் கேட்டால் சொல்லும். எந்த ரெக்கார்டு சொல்கிறது?

பேரவை இதைத் துறைத் தலைவர்களிடம் எடுத்துச் சொல்ல வேண்டும் என்று இந்த மலரின் வழியாகவே கேட்டுக்கொள்கிறேன். கேன்டீன் டீ பற்றி நாம் கொடுத்த மனுக்களில் பாதி வேகம் இதில் காட்டினால் போதும்.

அதுவரை சும்மா இருக்க முடியவில்லை. கம்ப்யூட்டர் லேபில் மூன்றாவது வரிசையில், சன்னல் கம்பியில், இருநூறு பக்க நோட்டு ஒன்றைச் சணலில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். லேப் அசிஸ்டென்ட் சார் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. ஒரு பேனாவும் கட்டிவிட்டுப் போனார். தேதி, பெயர், என்ன நடந்தது, எப்படித் தெரிந்தது, இனி என்ன. முதல் வரி 45-ஐ 60-ஆல் வகுத்த என் வரி. போன வாரம் வரை பதினொரு வரி சேர்ந்திருக்கிறது. அதில் நான்கு, முதலாம் ஆண்டுப் பிள்ளைகளுடையது. ஒன்பதாவது வரிக்குப் பக்கத்தில் யாரோ செத்த கொசு ஒன்றை டேப் போட்டு ஒட்டியிருக்கிறார்கள். யாரென்று தெரியவில்லை, பெயர் எழுதவில்லை. அவர் மட்டும் வந்து பெயரை எழுதிவிட்டுப் போகலாம்.